லிஸ்டில் வராத மினி பஸ்

பாளையம்பட்டி,
4.11.2024

மதிப்பிற்குரிய காளீஸ்வரன் அவர்களுக்கு,

உங்கள் மனைவி மாரிக்கனி எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். ஆபரேஷனுக்குப் பிறகு அப்பாவின் முதுகு பரவாயில்லை, கடைத்தெரு வரை நடந்து போய் வருகிறார். உங்கள் நலம் அறிய ஆவல் என்று எழுதுவது வழக்கம். ஆவல் இருக்கிறது, கோபமும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே அனுப்புகிறேன்.

போனில் கேட்டால் பேச்சு வேறெங்கோ போய்ச் சண்டையில் முடியும். அதனால்தான் மெயில். இது வேலை விஷயம். எனக்குத் தெரிந்தவர்களில் கேமில் கோளாறு பார்க்கிற இந்த வேலையில் கைதேர்ந்தவர் நீங்கள் ஒருவர்தான், அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

என் மினி பஸ் கேம் முடிந்துவிட்டது. அருப்புக்கோட்டையில் புறப்பட்டு, திருச்சுழி வழியாக வீரசோழன் வரை ஓட்டலாம். அப்பா இத்தனை வருஷம் ஓட்டிய அதே ரூட்டு. என் லேப்டாப்பில் வண்டி பறக்கிறது. அப்பாவின் பழைய போனில் போட்டால் திருச்சுழிக்கு முன்னாலேயே முக்குகிறது, படம் நின்று நின்று வருகிறது. இதை விளையாடப் போகிறவர்கள் எல்லாம் அப்பா மாதிரிப் போன் வைத்திருப்பவர்கள்தான். கேமை வெளியிடக் கேட்டிருக்கிற புனே கம்பெனிக்காரர்களும் அதைத்தான் சொல்லிவிட்டார்கள். விலை குறைந்த போனில் எந்த இடத்தில் திணறுகிறது, ஏன் திணறுகிறது, எப்படிச் சரி செய்தாய் என்று புரொஃபைலரில் எடுத்த அறிக்கையோடு மாதக் கடைசிக்குள் அனுப்பினால் வெளியிடுவார்களாம். இல்லாவிட்டால் அவர்கள் வழி அவர்களுக்கு, என் வழி எனக்கு.

அப்பா புரொஃபைலர் என்றால் என்ன என்று கேட்டார். "போனுக்கு எடுக்கிற ஸ்கேனுப்பா. கேம் ஓடும்போது படம் வரையிற பகுதி எந்த இடத்துல மூச்சு வாங்குதுன்னு காட்டும்" என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. அந்த ஸ்கேன்தான் என் உயிரை எடுக்கிறது. அப்பா போனை லேப்டாப்பில் செருகிப் புரொஃபைலரைத் திறந்தால் ஆப் லிஸ்ட் என்கிற கட்டம் வெறுமையாக இருக்கிறது. கேம் போனில் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. இது மட்டும் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்கிறது.

எங்கே பார்க்க வேண்டும் என்று எழுதுங்கள். வேறு விஷயம் எதுவும் எழுத வேண்டாம். காரியாபட்டியில் உங்கள் தங்கை மகனுக்குக் காது குத்திய அன்று அத்தை சொன்னது இன்னும் என் காதில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
மாரிக்கனி

&nbsp;

பெங்களூர்,
5.11.2024

அன்புள்ள கனி,

'மதிப்பிற்குரிய' என்று பார்த்ததும் பேங்க்கிலிருந்து ஏதோ நோட்டீஸ் வந்துவிட்டதென்று பயந்துபோனேன். நான் நலம். மாமாவுக்கு என் வணக்கம். குனிந்து எதையும் தூக்க வேண்டாம் என்று சொல்.

முதலில் கேபிள். உன் கேபிள் சார்ஜுக்கு மட்டும் ஆகிற கேபிளாக இருக்கும். பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனால் தகவல் போகிற கம்பி உள்ளே இருக்காது. டேட்டா கேபிள் என்று கேட்டு வாங்கு. அப்புறம் போனில் டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறந்து யு.எஸ்.பி. டீபக்கிங்கைப் போடு. செருகியதும் 'இந்தக் கம்ப்யூட்டரை நம்பலாமா' என்று போன் கேட்கும். சம்மதம் கொடுத்தால்தான் லேப்டாப்பை உள்ளே விடும். பெரும்பாலும் இத்தோடு தீர்ந்துவிடும்.

வேறு விஷயம் எழுதாதே என்கிறாய். எழுதாமல் எப்படி? போலந்து ஆபீஸுக்கு மூன்று வருஷம் போகிறாயா, மனைவியும் வருகிறாரா என்று கேட்டுவிட்டார்கள். இருபத்திரண்டாம் தேதிக்குள் நான் சொல்ல வேண்டும். தீபாவளிக்கே உன்னிடம் கேட்டேன். நீ பதில் சொல்லாமல் அதிரசம் எடுத்து வைத்தாய்.

அம்மா சொன்னது வாய் தவறி வந்தது. அவள் மனதில் ஒன்றும் கிடையாது.

அன்புடன்,
காளீஸ்வரன்

&nbsp;

பாளையம்பட்டி,
8.11.2024

காளீஸ்வரன் அவர்களுக்கு,

'மதிப்பிற்குரிய' எடுத்துவிட்டேன். பயப்பட வேண்டாம்.

கேபிள் விஷயத்தில் நீங்கள் சொன்னதுதான் சரி. அருஞ்சுனையின் செல்லு கடையில் போய் டேட்டா கேபிள் கேட்டேன். "யக்கா, எல்லாத்துலயும் டேட்டா போகும், ஒங்க லேப்டாப்புதேன் பழசு" என்று பழைய ரகத்தையே எடுத்துக் கொடுக்கப் பார்த்தான். அங்கேயே லேப்டாப்பைத் திறந்து, ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்துதான் வாங்கி வந்தேன். இவ்வளவு நாளும் என் கேபிளில் டேட்டா போகாததால்தான் கேமை இன்டர்நெட்டில் ஏற்றி, அப்பா போனில் இறக்கிக்கொண்டிருந்தேன். காரணம் இப்போதுதான் தெரிகிறது.

அப்பா குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்து, பேட்டர்ன் போட்டுப் போனைத் திறந்து நீங்கள் சொன்ன செட்டிங்ஸ் எல்லாம் மாற்றினேன். கம்ப்யூட்டரை நம்பலாமா என்று கேட்டது, நம்பச் சொன்னேன். இப்போது போனின் பெயர் வருகிறது. லிஸ்டிலும் ஆட்கள் வந்துவிட்டார்கள். பஞ்சாங்க ஆப் இருக்கிறது, கேஸ் புக் பண்ணுகிற ஆப் இருக்கிறது, கோழிச்சண்டை வீடியோ ஆப் கூட இருக்கிறது. அதை யார் போட்டது என்று கேட்டதற்கு அப்பா வானத்தைப் பார்த்தார். என் மினி பஸ் மட்டும் இல்லை.

அத்தை வாய் தவறிச் சொல்லவில்லை. பந்தியில் யாரோ "மருமக என்ன செய்றா?" என்று கேட்டார்கள். "அவ அப்பன் வீட்ல சும்மாதேன் இருக்கா" என்றார்கள். சொன்னது அத்தையென்றாலும் எனக்கு வலித்தது அதற்காக இல்லை. நீங்கள் பக்கத்தில் சாம்பார் வாளியோடு நின்றீர்கள். காதில் விழுந்தது. எனக்குத் தெரியும், ஏனென்றால் என் முகத்தைப் பார்த்தீர்கள். பார்த்துவிட்டு அடுத்த இலைக்குச் சாம்பார் ஊற்றப் போய்விட்டீர்கள்.

நான் வேலை பார்த்த கம்பெனியை மூடி எங்களை அனுப்பியதிலிருந்து தினமும் விடிந்தால் இந்தப் பஸ்ஸோடுதான் உட்காருகிறேன். நான் சும்மா இல்லை.

மாரிக்கனி

&nbsp;

பெங்களூர்,
9.11.2024

அன்புள்ள கனி,

சாம்பார் வாளி விஷயத்தைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கேமுக்கு வருகிறேன். நீ வெளியே விடுகிற மாதிரிப் பூட்டிய பதிப்பைப் போட்டிருப்பாய். அதை எந்தப் புரொஃபைலரும் தொட முடியாது. சோதனைக்கு அனுமதி கொடுத்த பதிப்பாக, அதாவது டீபக் பண்ணலாம் என்று குறித்து, மறுபடி கட்டிப் போடு. அப்படியும் வராவிட்டால் அந்தப் பதிப்பை எனக்கு அனுப்பு. இங்கே என்னிடம் இருக்கிற போனில் போட்டுப் பார்க்கிறேன். என் போனில் தெரிந்து, உன்னிடம் தெரியாவிட்டால் தப்பு கேமில் இல்லை, அங்கே இருக்கிற போனில்தான் என்று ஆகும்.

அன்புடன்,
காளீ

&nbsp;

பாளையம்பட்டி,
10.11.2024

அன்புள்ள உங்களுக்கு,

அனுமதி கொடுத்த பதிப்பு போட்டாயிற்று. வழக்கம் போல இன்டர்நெட்டில் ஏற்றினேன், அப்பா போனைத் திறந்து கொடுத்தார், இறக்கினேன், ஓடுகிறது, லிஸ்டில் இல்லை. ஆத்திரத்தில் லேப்டாப்பைப் படாரென்று மூடினேன். "ஏந்தாயி, டயரு பஞ்சரா?" என்று கேட்கிறார் அப்பா. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இத்துடன் கேமை அனுப்பியிருக்கிறேன். இதற்கு முன்னாலும் உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். ஆடியில் ஒரு தடவை, புரட்டாசியில் ஒரு தடவை. 'அப்புறம் பார்க்கிறேன்' என்று பதில் போட்டீர்கள். ஊரான் கேமையெல்லாம் நாள் முழுக்கப் பிரித்து மேய்கிறவருக்கு வீட்டுக் கேமைத் திறக்க நேரமில்லை. இப்போதாவது ரிப்பேர் பார்க்கத் திறப்பீர்கள் அல்லவா? அந்த மட்டில் இந்தக் கோளாறுக்கு நன்றி.

மழை பெய்திருக்கிறது. திருச்சுழி ரோட்டில் மக்காச்சோளம் இடுப்பளவு நிற்கிறது.

மாரிக்கனி

&nbsp;

பெங்களூர்,
13.11.2024

என் அன்புள்ள கனி,

உன் கேம் என் போனில் ஏறியதும் புரொஃபைலர் லிஸ்டில் முதல் ஆளாக வந்து நின்றது. ஆக, கேமில் குற்றமில்லை. அதைப் பார்த்த கையோடு உனக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. ஓட்டிக்கொண்டிருந்தேன்.

சும்மா பரிசோதிக்கலாம் என்றுதான் எடுத்தேன். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் வண்டியை எடுத்ததும் "ஏ, ஏறுறவுக ஏறுங்க, படியில நிக்காதீக" என்று மாமாவின் குரல்! கையிலிருந்த காபியைக் கீழே கொட்டிவிட்டேன். அப்புறம் அந்த ஆடுகள். ஆரன் அடித்தால் நகராமல், மேய்க்கிறவர் அதட்டினால் மட்டும் நகர்கிற ஆடுகளை எந்தக் கேமிலும் நான் பார்த்ததில்லை. ரிவர்ஸ் எடுத்தால் ஆளில்லாத ஸ்டாப்பிலிருந்தும் யாரோ "வா, வா, வரட்டும்" என்று கை காட்டுகிறார். அதை எப்படி யோசித்தாய்? ஒரு கிழவர் ஏறியதும் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் முருங்கைக்காய்க் கட்டை வைக்கிறார், கியர் போட முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்து சீட்டுக்காரன் வந்து பார்த்தான், அப்புறம் அவன் ஓட்டினான், ஆடு மேல் ஏற்றப் பார்த்தான், பிடுங்கிக்கொண்டேன்.

எட்டு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். ஒரு கேமைப் பார்த்தால் எங்கே சோம்பல்பட்டிருக்கிறார்கள் என்று முதலில் கண்ணில் படும். உன்னுடையதில் எனக்கு ஊர்தான் கண்ணில் பட்டது. இது நல்ல வேலை கனி. மனைவி என்பதால் சொல்லவில்லை. மனைவி என்பதால்தான் இவ்வளவு நாள் திறந்து பார்க்காமலே இருந்திருக்கிறேன் என்று தோன்றுகிறது. நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இனி உன் போன். கோளாறு நிச்சயமாக அங்கேதான். இரண்டு கேள்வி. அந்தப் போனை வேறு யாரெல்லாம் எடுக்கிறார்கள்? கேமை இறக்கும்போது போனைத் திறப்பது நீயா, மாமாவா? 'வழக்கம் போல அப்பா திறந்து கொடுத்தார்' என்று எழுதியிருந்தாய். செட்டிங்ஸ் மாற்றிய அன்று நீயே பேட்டர்ன் போட்டதாகவும் எழுதியிருந்தாய். அந்த இடம்தான் எனக்கு இடிக்கிறது. இன்னொன்று, இனிமேல் இன்டர்நெட் வேண்டாம், கேபிள் வழியாகவே நேராக ஏற்று.

உன்
காளீ

&nbsp;

பாளையம்பட்டி,
16.11.2024

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் தலைக்கனம் ஏறிவிடும், சொல்ல மாட்டேன். முருங்கைக்காய்க் கட்டு இருக்கிற பகுதியை அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன். "மாப்பிள்ளைக்கு ரசனை இருக்கு" என்றார். வேறு யாராவது பாராட்டியிருந்தால் மரியாதைக்கு என்று நினைத்திருப்பேன். நீங்கள் வாயிலிருந்து நல்ல வார்த்தையை லேசில் விடுகிற ஆள் இல்லை என்பதால் சந்தோஷமாக இருக்கிறது.

இப்போது கேளுங்கள் கூத்தை. உங்கள் கேள்வியைப் படித்ததும் அப்பாவைக் கூப்பிட்டு, என் கண் முன்னால் போனைத் திறக்கச் சொன்னேன்.

"எந்த விரலை வைக்கட்டும்?" என்றார்.

"எந்த விரலா இருந்தா என்னப்பா?"

"கட்டை விரலை வச்சா ஊருக்குக் காட்டுற போனு தொறக்கும். ஆள்காட்டி விரலை வச்சா ஒன் வண்டி நிக்கிற போனு தொறக்கும்."

ஒரே போனில் இரண்டு குடித்தனம்! செகண்ட் ஸ்பேஸ் என்று இந்தப் போனில் ஒரு வசதி இருக்கிறது, தனிப் படம், தனி ஆப், தனி வாசல். இதை அருஞ்சுனைதான் அமைத்துக் கொடுத்திருக்கிறான். அந்தப் பயல் எனக்குக் கேபிள் விற்கும்போதுகூட வாயைத் திறக்கவில்லை.

"எதுக்குப்பா இப்படி?" என்றேன்.

"வீட்டுக்கு வாரவன் போறவன் எல்லாம் போனை வாங்கி நோண்டுறான். புது வண்டி எடுத்தா பூசையைப் போட்டு, டயருக்கு அடியில எலுமிச்சம்பழத்தை வச்சு ஏத்துற வரைக்கும் செட்டுக்குள்ளதேன நிப்பாட்டணும்? இன்னும் ரோட்டுக்கே வராத வண்டிய ஊரு கண்ணு பாக்க விடுவாகளா? கண்ணு பட்டா ஆகுமா?"

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லப்பா."

"நீ கேமுக்குன்னு போனைக் கேட்டா ஆள்காட்டி விரலை வச்சேன். ஒன் வண்டி ஒனக்குத் தெரிஞ்சுச்சுல்ல? அப்புறம் என்ன?"

கோபப்படவே முடியவில்லை மச்சான். செட்டிங்ஸ் எல்லாம் நான் பேட்டர்ன் போட்டுத் திறந்த வீட்டில். கேம் அப்பா விரல் வைத்துத் திறந்த வீட்டில். புரொஃபைலர் முதல் வீட்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, அப்படி யாரும் இங்கே குடியில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. அது சொன்னது உண்மைதான். பேட்டர்ன் போட்டுத் திறந்து, கேபிள் வழியாக நேராக ஏற்றினேன். லிஸ்டைத் திறந்தேன். பஞ்சாங்கத்துக்கும் கோழிச்சண்டைக்கும் நடுவில் என் மினி பஸ் நிற்கிறது! நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு முருகலட்சுமி அக்கா ஓடி வந்துவிட்டார்கள். வண்டியை வெளியே எடுத்ததற்கு அப்பா பரிகாரம் கேட்டார். லேப்டாப் பக்கத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கப் போனவரைத் தடுத்து, வாசலோடு முடித்துக்கொள்ளச் சொன்னேன்.

புரொஃபைலரில் எடுத்த பதிவை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். திருச்சுழிக்கு முன்னால் அந்த வளைவில் கோடு என்னமோ மலை மாதிரி எழும்புகிறது. எனக்கு ஒரு மாதிரிப் புரிகிறது. நீங்களும் பார்த்துச் சொல்லுங்கள்.

இனி நான் சொல்லாமல் விட்ட பதில். நான் போலந்து வரவில்லை. இந்தக் கேம் வெளியானால் அதற்குப் பின்னால்தான் வேலையே இருக்கிறது, மறு ரூட்டு போட வேண்டும், பிழை பார்க்க வேண்டும், அப்பா மாதிரி ஓட்டின இன்னும் நாலு பேர் குரலைப் பிடிக்க வேண்டும். அங்கே வந்தால் நான் காளீஸ்வரன் சம்சாரம் என்கிற விசாவில் குளிருக்குப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அன்றைக்கு அத்தை சொன்னது நிஜமாகிவிடும். உங்களை விட்டு இருக்கப் பிடித்துப்போய் இதை எழுதுகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். பிடிக்கவில்லை. சாயங்காலமானால் யாரிடமாவது சண்டை போட வேண்டும் போல இருக்கிறது, நீங்கள்தான் இல்லை.

அன்புடன்,
கனி

&nbsp;

பெங்களூர்,
18.11.2024

அன்புள்ள கனி,

முதலில் மாமாவின் விரல். ஆபீஸில் சொன்னேன், ஒருவனும் நம்பவில்லை. எங்கள் குழுவில் இனிமேல் ஆப் லிஸ்டில் வராவிட்டால் பார்க்க வேண்டிய விஷயங்களில் 'வேறு விரல் வைத்துப் பார்த்தாயா' என்பதும் ஒன்று.

உன் பதிவைப் பார்த்தேன். குற்றவாளி சீமைக்கருவேலம். அந்த வளைவில் ரோட்டின் இரண்டு பக்கமும் முள்ளுக்காடு வைத்திருக்கிறாய். ஒவ்வொரு பொடி இலையும் கண்ணாடி போல ஊடுருவித் தெரியும் தாளில் வரைந்தது. ஒன்றன் பின்னால் ஒன்றாக அவ்வளவு தாள் இருப்பதால் போன் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் பெயின்ட் அடிக்கிறது. ஒரு சுவருக்கு முப்பது பூச்சு பூசினால் ஆள் களைக்காமல் என்ன செய்வான்? பக்கத்தில் இருக்கிற மரத்துக்கு மட்டும் இலையை வை. அதையும் ஊடுருவாத தாளில் வெட்டி ஒட்டு. தூரத்தில் இருப்பதெல்லாம் சும்மா பச்சைக் கோடாக இருக்கட்டும். பஸ்ஸில் போகிறவர்கள் யாரும் இறங்கிப் போய் முள்ளை எண்ணப் போவதில்லை.

உன் பதிலைப் படித்தேன். படித்துவிட்டு ஏரிக்கரை வரை நடந்து போய் வந்தேன். நீ எழுதியிருப்பதில் நான் மறுக்கிற மாதிரி ஒன்றும் இல்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது. தனியாகப் போக எனக்குப் பயம் கனி. போலந்து பேச்சு வந்ததிலிருந்து உன்னிடம் காட்டிய எரிச்சலுக்கெல்லாம் அடியில் இந்தப் பயம்தான் இருந்திருக்கிறது.

ஊரில் கேட்பார்கள். புருஷன் வெளிநாட்டில், பெண்டாட்டி அப்பன் வீட்டில் என்றால் பிரிந்துவிட்டார்கள் என்றுதான் பேசுவார்கள். அம்மாவிடம் நான் என்ன சொல்லட்டும்?

அன்புடன்,
காளீ

&nbsp;

பாளையம்பட்டி,
21.11.2024

அன்புள்ள உங்களுக்கு,

கவர்மெண்டு ஜேசிபி விட்டும் ஒழிக்க முடியாத சீமைக்கருவேலத்தை நான் ரெண்டு நாளில் ஒழித்துவிட்டேன். நீங்கள் சொன்ன மாதிரியே பக்கத்து மரத்துக்கு வெட்டின இலை, தூரத்துக்குப் பச்சைக் கோடு. அப்பா போனில் இப்போது அந்த வளைவில் வண்டி வெண்ணெய் மாதிரிப் போகிறது. கருவேலம் இருந்த இடத்தில் கொஞ்சம் மிளகாய்த் தோட்டம் போட்டேன், அது எனக்கே எனக்காக. புதிய பதிப்பை உங்களுக்கும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். முன்னால் எடுத்த பதிவு, பின்னால் எடுத்த பதிவு, இரண்டையும் வைத்து அறிக்கை எழுதி அனுப்பினேன். நேற்றுச் சாயங்காலமே புனேயிலிருந்து பதில் வந்துவிட்டது. தை மாதம் வெளியிடுகிறார்கள். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டே தூசி விழுந்துவிட்டது என்றார். நான் துடைக்கக்கூட இல்லை, நன்றாகவே அழுதேன். பக்கத்தில் நீங்கள் இருந்திருக்க வேண்டும்.

பயமாக இருக்கிறது என்று எழுதினீர்களே, அந்த வரிக்காக உங்களை எவ்வளவு வேண்டுமானாலும் மன்னிக்கலாம். நீங்கள் போவது என்றால் வெளியானதும் ஒரு மாதம் வந்து உங்களோடு இருப்பேன். போகாவிட்டாலும் பெங்களூருக்கு வந்து போவேன். அது நம் இரண்டு பேர் பாடு.

ஆனால் அம்மாவிடம் என்ன சொல்லட்டும் என்று என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். அதை நான் சொல்லித் தர மாட்டேன். நானே சொல்லித் தந்து, அதை நீங்கள் ஒப்பித்தால் அதில் எனக்கு என்ன இருக்கிறது? சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று உங்களுக்குத் தோன்றினால் அதையும் மறைக்காமல் எழுதிவிடுங்கள். தெரிந்துகொள்கிறேன்.

நாளை உங்கள் ஆபீஸ் சொன்ன தேதி.

கனி

&nbsp;

காரியாபட்டி,
24.11.2024

என் அன்புக் கனிக்கு,

நீ எழுதியதற்கு வெறும் மெயிலில் பதில் சொல்லி முடிக்க எனக்கு மனமில்லை. வெள்ளிக்கிழமை ஆபீஸில் பேசினேன். மூன்று வருஷம் முடியாது, ஒரு வருஷம் போகிறேன், தனியாகப் போகிறேன் என்றேன். சம்மதித்துவிட்டார்கள். மனைவி ஏன் வரவில்லை என்று மேனேஜர் கேட்டார். "அவளுக்குத் தை மாதம் கேம் வெளியாகிறது" என்றேன். அவர் சர்வ சாதாரணமாக 'ஓ, நல்லது' என்று அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். இவ்வளவு சுலபமான வாக்கியத்தைச் சொல்லவா நான் இத்தனை நாள் திண்டாடினேன் என்று இருந்தது. சனிக்கிழமை பஸ் பிடித்து இங்கே வந்துவிட்டேன்.

இன்று காலை வீட்டில் அம்மா, தங்கை, மதுரையிலிருந்து வந்த பெரியம்மா என்று எல்லோரும் இருந்தார்கள். போலந்து விஷயத்தைச் சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி உனக்கே தெரிந்திருக்கும்.

"மாரிக்கனி கூட வரலையா? அப்பன் வீட்ல சும்மாதேன இருக்கா?"

இந்தத் தடவை என் கையில் சாம்பார் வாளி இல்லை. "சும்மா இல்லைம்மா. அவ வேலை பாக்குறா. நான் என் வேலைக்குப் போறேன், அவ அவ வேலையைப் பாக்குறா. எங்களுக்குள்ள சண்டை ஒண்ணும் இல்லை. யாரு கேட்டாலும் இதையே சொல்லு" என்றேன். பெரியம்மா அப்படி என்ன பெரிய வேலை என்று இழுத்தார்கள். போனை எடுத்து உன் கேமைப் போட்டு அம்மா கையில் கொடுத்தேன்.

அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள். மாமாவின் குரல் கேட்டதும் "இது நம்ம கோட்டைச்சாமி அண்ணன்ல?" என்று நிமிர்ந்தாள். அப்புறம் குனிந்தவள் நிமிரவே இல்லை. வண்டியை இரண்டு தடவை பள்ளத்தில் இறக்கினாள், தங்கை வாங்கப் பார்த்தால் தரவில்லை. ஆடு நகராதபோது ஆட்டைத் திட்டினாள். "இம்புட்டையும் அவ ஒருத்தியா வரைஞ்சா?" என்றாள். ஆமாம் என்றேன். திருச்சுழி வளைவில் மிளகாய்த் தோட்டத்தைப் பார்த்து, "காய் நல்லாப் பிடிச்சிருக்கு" என்றாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. இந்த வீட்டில் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

வீரசோழன் போய்ச் சேர்ந்து, ஆட்களெல்லாம் இறங்கியபின் கண்ணாடியைக் கழற்றினாள். முகத்தில் என்னமோ குறை தெரிந்தது. பிடிக்கவில்லையோ என்று நினைத்தேன். போனை என் பக்கம் நீட்டிக் கேட்டாள்.

"ஏண்டா, திருச்சுழிக்குப் போகுது, வீரசோழனுக்குப் போகுது. நம்ம காரியாபட்டிக்கு மட்டும் அவ ஏன் பஸ்ஸு விடலை?"

நாளைக் காலை அம்மாவும் என்னோடு பாளையம்பட்டிக்கு வருகிறாள். உன்னிடமே கேட்டுக்கொள்கிறாளாம்.

உன்,
காளீஸ்வரன்